அஸ்கில் சாலையின் எழுத்தாளர்

வில்ஃப்ரட் டார்டாஃப் சைக்கிள் ஓட்டத் தொடங்கியது தன் அறுபதாவது வயதில். அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது மறுநாள் காலையில்.

அதற்கு முன்னால் முப்பத்தொரு வருடம் கவுன்ட்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில், சாலைப் பிரிவில் இருந்தார். சாலை போடும் வேலை அல்ல. சாலையை ஏன் இப்போதைக்குச் சரிசெய்ய முடியாது என்று மக்களுக்குக் கடிதம் எழுதும் வேலை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். டாக்டர் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை, ஒரே வாரத்தில் அவர் மனைவி மேவிஸ் சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனாள். "எங்கயாவது போயிட்டு வாங்க வில்ஃப், தூரமா இருந்தா இன்னும் நல்லது" என்றாளாம்.

அப்படித்தான் அவர் எங்கள் ஸ்கெல்பெக் சைக்கிள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். யார்க்ஷயர் மேட்டு நிலத்தின் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சங்கத்தில் இருபத்திரண்டு பேர், முழங்கால்களில் பாதிக்கு மேல் பழுது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, ஏதாவது ஒரு கிராமத்துத் தேநீர்க்கடையில் கேக் தின்றுவிட்டுத் திரும்புவோம். எந்தக் கடைக்கு என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது என் பொறுப்பு. உண்மையில் அது கேக் சங்கம்தான். சைக்கிள் என்று பெயர் வைத்தால் வீட்டில் மரியாதை.

டார்டாஃபின் சைக்கிள் கரும்பச்சை நிறம். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை, பை நிறையப் புத்தகம். மலைகள், ஓடைகள், பழைய கிராமங்கள், தனியாக வாழ்கிற மேய்ப்பர்கள் என்று எல்லாம் நிலத்தைப் பற்றிய புத்தகங்கள்.

"புத்தகம் இல்லாம கிராமத்துக்குள்ள போறது, கண்ணாடி போடாம பேப்பர் படிக்கிற மாதிரி" என்றார் முதல் நாளே.

"அப்ப கண்ணாடியும் போட்டுக்கிட்டு ஓட்டுங்க. இப்பதான் வேலிக்குள்ள விட்டீங்க" என்றான் நார்மன் லம். நார்மன் குழாய் வேலை செய்பவன். யாருக்கு டயர் பஞ்சரானாலும் அவன்தான் ஒட்டுவான்.

ஆறே மாதத்தில் டார்டாஃப் 'புத்தகச் சவாரி' என்று ஒன்றை ஆரம்பித்துவைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, ஒவ்வொருவரும் நிலத்தையும் கிராமத்தையும் பற்றித் தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பத்து நிமிடம் பேச வேண்டும். விதிமுறைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார், மூன்று பக்கம். வரைபடம் புத்தகம் ஆகாது. கொலை நடக்கிற கதை ஆகாது. சைக்கிளில் வராதவர் பேசக் கூடாது.

முதல் மாதம் நார்மன் வயல் வடிகால் அமைப்பது பற்றிய கையேடு ஒன்றைக் கொண்டுவந்தான். டார்டாஃப் இரண்டு விரலால் அதைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஆன்மா இல்ல நார்மன்."

"தண்ணி எங்கருந்து எங்க போகுதுன்னு இருக்கு. நிலத்தப் பத்தி இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஆன்மா வேணும்."

"சாக்கடைல ஆன்மாவ எதுக்குங்க தேடறீங்க?"

அடுத்தது ஹில்டா பிகர்ஸ்கில். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்தாறு வயதில் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு மேட்டில் ஏறுவாள். எழுந்து நின்று, "மலைப்பண்ணை ஒண்ணப் பத்தின கதை. ஆடு நிறைய சாவுது. நல்லாருக்கு, படிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்க நேரமானது.

பிறகு டார்டாஃப் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். நிசப்தம் என்ற சொல்லைப் பதினேழு தடவை சொன்னார். மேசையிலிருந்த கேக் முழுவதும் தீர்ந்தது.

சைக்கிளில் போகும்போது அவர் எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை. முகம் சிவந்து, தலை குனிந்து, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதிப்பார். ஒருமுறை ஹில்டா கேட்டாள், "அந்த ஓடை எவ்வளவு அழகா இருந்துச்சு, பாத்தீங்களா வில்ஃப்?"

"எந்த ஓட?"

"இப்ப உங்க காலு ரெண்டும் நனஞ்சுச்சே, அந்த ஓட."

இரண்டு வருடம் கழித்து அவரே ஒரு புத்தகம் எழுதினார். 'கல்லும் காற்றும் மௌனமும்' என்று பெயர். சொந்தச் செலவில் அச்சடித்தது. அட்டையில் மலையைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்கிற அவருடைய படம். "இருக்கறதுலயே நல்லா விழுந்த பக்கம் அதுதான்" என்றாள் மேவிஸ். புத்தகம் முழுக்க அஸ்கில் பள்ளத்தாக்கைப் பற்றி. எங்கள் ஊரிலிருந்து கணவாய் தாண்டிப் பதினான்கு மைல். பன்னிரண்டு பண்ணைகள், ஒரு சிறு தேவாலயம், ஒரு ஊர்க்கூடம், அவ்வளவுதான். டார்டாஃப் அங்கே மொத்தம் மூன்று தடவை போயிருந்தார். மூன்றாவது தடவை மழை என்பதால் பாதியில் திரும்பிவிட்டார்.

புத்தகத்தை அஸ்கில் ஊர்க்கூடத்தில்தான் வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மே மாதப் புத்தகச் சவாரியை அங்கே வைத்தோம். கணவாய்க்கு அந்தப் பக்கம் சாலை சாலையாகவே இல்லை. குழிக்கு நடுவே கொஞ்சம் கல், கல்லுக்கு நடுவே கொஞ்சம் புல். கூடம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேருக்கு பஞ்சர். கூடத்தில் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் தேநீரும் இஞ்சி கேக்கும் வைத்திருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கைகள் சிவப்பேறி உறுதியாக இருந்தன. எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டாள்.

டார்டாஃப் எழுந்து நின்று தனக்கு மிகவும் பிடித்த அத்தியாயத்தைப் படித்தார்.

"மேய்ச்சல் சுவருக்கு அப்பால் அவள் நின்றிருந்தாள். முதுமை வரி வரியாக எழுதிய முகம். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதை அவள் கண்களிலேயே படித்துக்கொண்டேன். மழையும் பனியுமே அவள் கற்ற பாடம். நான் வணக்கம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு விரலை நீட்டி, இந்தப் பள்ளத்தாக்கின் ஞானம் முழுவதையும் மூன்றே சொற்களில் எனக்குச் சொன்னாள்: காற்று போய்க்கொண்டே இருக்கிறது. நான் வானத்தைப் பார்த்தேன். ஆம், எல்லாமே போய்க்கொண்டுதான் இருக்கிறது..."

அதற்கப்புறம் நான்கு பக்கம் நிலையாமை. நடுவில் எங்கோ, கெட்டில் டக்கென்று மேசை மேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

"அது நான்தான் கண்ணு" என்றாள் ரப்பர் பூட்ஸ்காரி.

டார்டாஃப் புத்தகத்திலிருந்து தலை தூக்கினார்.

"என் பேரு தோரா ஆல்டர்சன். நீங்க வந்தது புல் அறுக்கற சமயம். மூஞ்சில இருந்தது முதுமை இல்ல, தூசி. எனக்கு அப்ப நாப்பத்தொம்பது."

"அப்படியா... நான் அதை ஒரு குறியீடா..."

"காத்து போயிட்டே இருக்குன்னு சொன்னேன், வாஸ்தவம்தான். உங்க பின் டயர்லருந்து. வெரல நீட்டி டயரக் காட்டுனேன். நீங்க வானத்தப் பாத்தீங்க."

அவர் புத்தகம் முழுக்கத் தேடிய நிசப்தம் அப்போதுதான் கிடைத்தது. நார்மன் அதைக் கலைத்தான். "ஆமாமா! அன்னைக்கு அர மைல் தாண்டி பஞ்சராகி நின்னாரு. நான்தான் ஒட்டுனேன்."

கூடமே சிரித்தது. ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோரா மட்டும் சிரிக்கவில்லை.

"எழுத்து தெரியாதுன்னும் போட்டிருக்கீங்க. நூலக வண்டில மாசம் எட்டு புத்தகம் எடுக்கறேன். ஆடு குட்டி போடற மாசம் பன்னண்டு. கொட்டாய்ல காத்துக்கிட்டு வேற என்ன பண்றது?"

"இலக்கியத்துல உண்மைங்கறது வேற விஷயம் அம்மா" என்றார் டார்டாஃப். காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"வேறதான் போல" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுத்து அட்டையைப் பார்த்தாள். "டபிள்யூ. டார்டாஃப். கவுன்ட்டி ஆபீஸ்ல இருந்தீங்களா?"

"முப்பத்தொரு வருஷம்." பேச்சு வேறு பக்கம் திரும்பியதில் அவருக்கு உயிர் வந்தது. "சாலைப் பிரிவு."

"அப்படியா" என்றாள் தோரா. பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "உங்க கூட்டத்துல யார் வேணா பேசலாமா?"

"தாராளமா. சைக்கிள்ல வரணும், அது மட்டும் விதி" என்றார் டார்டாஃப். பதினான்கு மைலும் ஒரு கணவாயும் தன் பக்கம் இருக்கிற தெம்பு அந்தக் குரலில் தெரிந்தது.

அன்றைக்குப் புத்தகம் நன்றாகவே விற்றது. வாங்கிய எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் புரட்டினார்கள்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு விடாத மழை. கூட்டம் உள்ளூரிலேயே, சந்தைத் தெருத் தேநீர்க்கடையில். நாங்கள் போனபோது வாசலில் கருப்பு சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது. எங்கள் தாத்தா காலத்துத் தபால்காரர்கள் ஓட்டிய ரகம், கியர் கிடையாது. உள்ளே தோரா மழைக்கோட்டை நாற்காலியில் காயப்போட்டுவிட்டு வெண்ணெய் தடவிய பன்னைப் பாதி தின்று முடித்திருந்தாள்.

"கணவாய எப்படிம்மா தாண்டுனீங்க?" என்று நார்மன் அதிசயப்பட்டான்.

"ஏறும்போது தள்ளுனேன். எறங்கும்போது சாமி கும்பிட்டேன். பிரேக் ஒண்ணுதான் வேல செய்யுது."

அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள். பையிலிருந்து எடுத்தது புத்தகம் அல்ல. கயிறு கட்டிய ஒரு காகிதக் கோப்பு.

"இது புத்தகமா அச்சாகல. ஆனா எங்க பள்ளத்தாக்கப் பத்தி இவ்வளவு விடாம எழுதுனவர் வேற யாரும் இல்ல. பத்தொம்பது வருஷம். எனக்கு ரொம்பப் பிடிச்சதுலருந்து கொஞ்சம் படிக்கறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. அஸ்கில் சாலையின் மேற்பரப்பு அதன் தற்போதைய பயன்பாட்டுக்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. இப்படிக்கு, டபிள்யூ. டார்டாஃப்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் அடுத்த தாளை எடுத்தாள். பால் லாரி இனி மேலே வராது என்று சொன்ன வருடத்தின் கடிதம். போதுமானதாகக் கருதப்படுகிறது. பனிக்காலத்தில் தேவாலயத்து வளைவில் சாலை பாதி சரிந்த வருடத்தின் கடிதம். எதிர்வரும் ஆண்டுகளில் பரிசீலிக்கப்படும். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"இது எங்க வீட்டுக்காரரு கிளெம் தவறுன வருஷம் வந்தது. நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் கணவாய்க்கு இந்தப் பக்கம் வரைக்கும் இருவது நிமிஷத்துல வந்துடுச்சு. அங்கருந்து வீட்டுக்கு அம்பது நிமிஷம். எப்படியும் போயிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கலாம். நான் ஒரு லெட்டர் போட்டேன், அதுக்கு வந்த பதில்: தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். எனினும், அவசர ஊர்திகள் இச்சாலையைப் பயன்படுத்தும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதால்..."

மீதியைப் படிக்காமல் தாளை மடித்துவைத்தாள். டார்டாஃபின் புத்தகத்தை எடுத்து, குறி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள்.

"இது அவரோட புத்தகத்துலருந்து. 'காலம் மட்டுமே கை வைத்த சாலை. நகரத்தின் தார் இதைத் தீண்டவில்லை. யாரோ இதைப் பேணிக் காத்திருக்கிறார்கள்.'" கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டும் ஒரே ஆளு எழுதுனது. எனக்கு லெட்டர்தான் பிடிக்கும். அதுல சுத்தி வளைக்கறது கெடையாது. முடியாதுன்னா முடியாதுன்னு இருக்கு."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகப் பத்து நிமிடம். உட்கார்ந்து மீதிப் பன்னைத் தின்றாள்.

டார்டாஃப் கோப்பையைத் தட்டில் வைத்தார். "நான் அப்ப அந்தச் சாலைய நேர்ல பாத்ததே இல்ல மிசஸ் ஆல்டர்சன். ஃபைல்ல அது ஒரு நம்பர்."

"நம்பர் எனக்கும் தெரியும் கண்ணு. ஒவ்வொரு லெட்டர்லயும் மேல போட்டிருப்பீங்களே."

அவர் மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மூன்று நாள் பின்னறையை விட்டு வெளியே வரவில்லையாம். "மொதல்ல காய்ச்சல்னு நெனச்சேன்" என்றாள் மேவிஸ். "அப்புறம் பாத்தா பேசாம இருக்காரு, அவ்வளவுதான். கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷத்துல அவ்வளவு நிம்மதியா இருந்ததில்ல. ஆனா நாலாம் நாள் எனக்கே பயமாயிடுச்சு."

நான்காம் நாள் அவர் ஹில்டா வீட்டுக் கதவைத் தட்டி, அளவுநாடாவைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்.

அந்தக் கோடை முழுக்க அஸ்கில் சாலையில் வயிறு மண்ணில் படக் குப்புறப் படுத்துக் குழிகளின் ஆழத்தை அளந்தார். ஒரு சாலையை எப்படி மறுப்பது என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்தக் கவுன்ட்டியில் யாரும் இல்லை. அதனால் எதை எழுதினால் மறுக்க முடியாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். பள்ளி வண்டி எத்தனை நாள் ஓடவில்லை, நோயாளியை எத்தனை முறை டிராக்டரில் ஏற்றினார்கள் என்று பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டார். சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற மதகு அடைத்துக்கொண்டதால்தான் சாலை அரிக்கிறது என்று நார்மன் தன் வடிகால் கையேட்டைப் பார்த்து விளக்கினான். டார்டாஃப் அந்தக் கையேட்டை இரவல் கேட்டார். நார்மன் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுத்தான் கொடுத்தான்.

ஒரு மத்தியானம் தோரா டிராக்டரில் வந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"என்ன கண்ணு, கவிதையா?"

"ஆழம். ஏழு அங்குலம்."

"அது ஆறுதான். அளவுகோல நேரா பிடிங்க."

கடிதம் நான்கு பக்கம் வந்தது. அனுப்புவதற்கு முன் ஹில்டா பென்சிலோடு உட்கார்ந்தாள்.

"மூணாம் பக்கத்துல நிசப்தம்னு ஒண்ணு இருக்கு. எடுங்க."

"ஒண்ணே ஒண்ணுதானே ஹில்டா?"

"எடுங்க."

எடுத்தார். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய பழைய நாற்காலியில் இப்போது இருப்பவர் கையெழுத்துப் போட்டிருந்தார். சாலையின் மேற்பரப்பு தற்போதைய பயன்பாட்டுக்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. டார்டாஃப் அதை என்னிடம் காட்டினார். தன் வாக்கியமே தன் முகத்தில் வந்து அறைந்ததை அன்றுதான் முதன்முதலாக அனுபவித்தார் மனிதர். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். அன்றே அடுத்த கடிதத்தை ஆரம்பித்தார்.

ஐந்து கடிதம், பதினெட்டு மாதம். கடைசியில் ரோடு ரோலர் கணவாயைத் தாண்டிப் போனது. மதகைத் தோண்டி, கடைசிப் பண்ணை வாசல் வரைக்கும் தார் போட்டார்கள். தோரா நன்றி சொல்லவில்லை. "இருவது வருஷத்துக்கு மேல லேட்டு. ஆனா நல்லா போட்டிருக்காங்க" என்று நார்மனிடம் சொன்னாளாம். நார்மன் அதை டார்டாஃபிடம் சொல்ல, அவர் அதை எங்கள் எல்லோரிடமும் சொன்னார். 'ஆனா' வரைக்கும் உள்ள பாதியை விட்டுவிட்டு.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த புத்தகச் சவாரியில் தான் திருந்திய கதையை நாற்பது நிமிடம் சொல்வதாக இருந்தார். தோரா எழுந்து, "பத்து நிமிஷம் ஆச்சு கண்ணு" என்றாள். அன்றிலிருந்து கடிகாரம் அவள் பொறுப்பு.

சாலை நன்றாக இருப்பதால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக் கார்கள் வருகின்றன, கெடாத பள்ளத்தாக்கைப் பார்க்க. சிலர் கையில் 'கல்லும் காற்றும் மௌனமும்' இருக்கும். தோரா வீட்டு வாசலிலேயே நிறுத்தி, எழுத்தறியாத அந்த ஞானக்கிழவி எங்கே இருக்கிறாள் என்று அவளையே கேட்பார்கள்.

"அவ போன வருஷம் செத்துட்டா" என்பாள் தோரா. அவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று நேரம் மலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இது டார்டாஃப் காதுக்கு எட்டியபோது அவருக்கு வருத்தம். "கொஞ்சம் கேட்டுட்டுக் கொன்னிருக்கலாம் தோரா" என்றார்.

"நீங்க எழுதும்போது என்னக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

டார்டாஃப் அளவுநாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் சாலைக்கும் எழுதித் தரச் சொல்லி வந்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அளவுநாடாவோடு கிளம்பிவிடுகிறார். மேவிஸுக்கு நிம்மதி. ஹில்டாவின் பென்சில்தான் மாதம் ஒன்று தீர்கிறது.